ஆறு என்னும் சொல்

சேலம் மாவட்டத்து ஆத்தூர் வசிட்டநதிக் கரைக்கண் அமைந்த ஊர். காயநிர்மலேசுவரர் திருக்கோயிலும் பழைய கோட்டையும் அவ்வாற்றை அடுத்தே விளங்குகின்றன. வசிட்டநதி சுவேதநதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயருடன் பறங்கிப்பேட்டை அருகே கடலிற் கலக்கின்றது. சுவேதம் என்னும் வடசொற்கும் வெள் என்னும் தமிழ்ச்சொற்கும் பொருள் ஒன்றேயாதல் கருதத்தக்கது. நதியின் பெயர் வடமொழியாயினும், ஊரின் பெயர் தமிழ்ச் சொல்லையே காத்து நிற்கின்றது. ஆற்றூர் என்பதே ஆத்தூர் என மருவிற்று. காற்று காத்து என்றும், சேற்று நிலம் சேத்து நிலம் என்றும் உலக வழக்கில் திரிதல் போல.

ஆறு என்பது நதி, வழி, ஓரெண் என மூன்று பொருள் தரும். நீர் செல்லும் வழியே நதியாதலின், முதலிரண்டும் ஒரு சொல்லே என்று கொள்வாரும் உளர். அது பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

நதியைக் குறிக்குஞ் சொல்லின் பழைய வடிவம் யாறு என்பதாம். யகரம் ஆகாரத்தோடு கூடி மொழிக்கு முதலாதல் தொல்காப்பியத்துக்கு உடன்பாடு. யாண்டு ஆண்டாகவும், யானை ஆனையாகவும் திரிந்தவாறே, யாறும் ஆறாயிற்று. இவ்வினச் சொற்கள் தெலுங்கில் ஏகார முதலாய் நிற்கின்றன: யாண்டு ஆங்கு ஏடு, யானை ஏனுகு, யாறு ஏரு. எண்ணுப்பெயரோ தெலுங்கிலும் ஆரு என்றே வழங்கும். கோண்டி மொழியில் அது சாருங் எனச் சகர முதலாய் உளது. ஆதலின் நதியும் எண்ணும் வேறு வேறு வேரின என்பது தெளிவு. வழியெனும் பொருளதாகிய ஆறு பழநூல்களில் யகரம் பெறாமையின், அதுவும் வேறொரு சொல்லேயாம். பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் இம்மூன்றனையும் தனித்தனியே வைத்துள்ளது.

பொருளை வேறுபடுத்தி அறிதற்குப் புணர்ச்சியும் கருவியாகும். நதியும் வழியும் குறிக்குஞ் சொற்கள் வருமொழியோடு புணருங்கால் றகரம் இரட்டும்: ஆற்றுநீர், ஆற்றுப்படை. எண்ணுப்பெயர் மெய் வருமிடத்து முதல் குறுகும்: அறுமுகம், அறுசுவை. உயிர் வருமிடத்துப் பெரும்பான்மையும் ஆறெழுத்து என இயல்பாய் நிற்கும். காமநாதீசுவரர் திருக்கோயிலுடைய ஆறகழூர் வசிட்டநதிக் கரையதாயினும், அதன் பெயர் ஆற்றகழூர் என வாராமையின், ஆறு அகழிகளையுடைய ஊர் என மக்கள் கூறும் பொருள் இலக்கணத்தொடு மாறுபடாமை காண்க.

இவ்வேறுபாடு சைவ நூற்பொருளை உணர்தற்கும் இன்றியமையாதது. பதினோராந் திருமுறையிற் கோக்கப்பெற்ற நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படை ஆறு பகுதிகளாய் அமைந்தமையால், ஆற்றுப்படை என்பதற்கு எண்ணையே பொருளாகக் கொள்வார் சிலர். றகரம் இரட்டினமையின் அஃது எண்ணன்று, வழியேயாம். வீடு விழையும் அன்பனை முருகப்பெருமானிடத்துச் செல்லும் நெறியிற் செலுத்துதலே அந்நூலின் நோக்கம். எண்ணாகக் கொள்ளின் நூல் தலங்களின் தொகையாய்ச் சுருங்கும். வழியாகக் கொள்ளின் ஆன்மாவின் செலவை உணர்த்தும்.

வடமொழியில் வழியைக் குறிக்குஞ் சொற்களுள் அத்துவன் என்பதும் ஒன்று. அதுவே சித்தாந்தத்தில் அத்துவா என வழங்கும். மந்திரம் 11, பதம் 81, வன்னம் 51, புவனம் 224, தத்துவம் 36, கலை 5 என அத்துவாக்கள் அறுவகைப்படும். நிருவாண தீக்கையில் ஆசிரியன் இவற்றைச் சோதித்து, இவற்றின்கட் கட்டுண்டு கிடந்த வினையை நீக்குவன். ஆறத்துவா என்னுந் தொடரைத் தமிழில் நிறுத்தின் ‘ஆறு ஆறுகள்’ என்றாகும். முன்னது எண், பின்னது வழி.

ஒலியால் ஒன்றாகிய சொற்களைப் பொருளாலும் ஒன்றெனத் துணிதல் பொருந்தாது. பிற மொழிகளின் வடிவமும், புணர்ச்சி விதியும், நூலின் கருத்தும் ஒருங்கு நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். அங்ஙனம் நோக்குவார்க்கு ஆத்தூர் என்னும் பெயர் நதியையும், ஆற்றுப்படை என்னும் பெயர் நெறியையும் ஐயமின்றி உணர்த்தும் என்க.