டெஸ்டோஸ்டிரோன் ஈடுசெய் சிகிச்சையும் ஆண்களின் பாலியல் நாட்டமும்

டெஸ்டோஸ்டிரோன் ஈடுசெய் சிகிச்சை என்பது விந்தகங்கள் இந்த ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காத ஆண்களுக்கு அதை வெளியிலிருந்து அளிக்கும் மருத்துவ முறை. ஊசி, தோலில் பூசும் ஜெல், ஒட்டுப்பட்டை முதலிய வடிவங்களில் தரப்படுகிறது. அறிகுறிகளுடன், காலையில் எடுக்கும் இரு இரத்தப் பரிசோதனைகளிலும் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருந்தால் குறைபாடு உறுதியாகும்.

விளைவு: குறைபாடுள்ளோரிடம் பாலியல் நாட்டம் பொதுவாகச் சில வாரங்களில் கூடும், இயல்பான அளவு உடையோருக்குப் பெரும் பயன் இல்லை. விறைப்புத்தன்மையில் முன்னேற்றம் குறைவே.

வரலாறு: 1935இல் ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டது, அதே ஆண்டில் வேதியியலாளர்கள் பூட்டெனாண்ட், ருசிக்கா ஆகியோர் தனித்தனியே செயற்கையாகத் தயாரித்தனர். பிற்காலத்தில் இச்சிகிச்சையின் பயன் ஆராயப்பட்டது: 65 வயதும் அதற்கு மேலும் ஆன 790 ஆண்கள் பங்கேற்ற, 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஜெல் பூசியோரின் நாட்டம் போலிமருந்து பெற்றோரைவிட மிதமாக உயர்ந்தது.

பக்கவிளைவுகள்: விந்தணு உற்பத்தி குறைதல், சிவப்பணுக்கள் மிகுதல். குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோருக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை.