கர்நாடகக் கல்விக்கொள்கையில் ‘தாய்மொழி’: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கர்நாடகக் கல்விக்கொள்கையின் வரலாறு ‘தாய்மொழி’ என்னும் சொல்லின் பொருள் வரலாறுமாகும். குண்டுராவ் தலைமையிலான காங்கிரசு அரசு 1980இல் வி.கே. கோகாக் குழுவை அமைத்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல்மொழி என்னும் அதன் பரிந்துரையைச் செயற்படுத்தக் கோரி, நடிகர் இராஜ்குமார் முன்னின்ற கிளர்ச்சி 1982இல் வலுப்பெற்றது. 1994ஆம் ஆண்டு அரசாணை, நான்காம் வகுப்புவரை தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என விதித்தது. இக்கட்டாயம் செல்லாது எனவும், குழந்தையின் தாய்மொழியைப் பெற்றோரே முடிவுசெய்வர் எனவும் உச்சநீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. பின்னர்ச் சட்டமன்றம் 2015இல் கன்னடத்தைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் இயற்றியது.

ஆகவே, அடுகோடியில் வாழும் தமிழ்க் குழந்தையின் தாய்மொழி, சட்டத்தின் பார்வையில், வீட்டில் வழங்கும் மொழி அன்று. பெற்றோர் கூறும் மொழியே. முதல்மொழி, தாய்மொழி, பயிற்றுமொழி ஆகியவற்றை மொழிபெயர்ப்பாளர் வேறுபடுத்தியே ஆளுதல் வேண்டும்.