தீப்பெட்டியின் முகம்

திருவொற்றியூரை அடுத்து ‘விம்கோ நகர்’ என்றொரு ரயில் நிலையம் உண்டு. அப்பெயர் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் என்பதை மாணவர் பலர் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் கப்பலேறி இங்கு வந்தன. நம் மொழி அறியாத அந்நாட்டார், அவற்றின் மீது நம் தெய்வ உருவங்களையே அச்சிட்டு அனுப்பினர். காரணம் யாதெனில், வாங்குவோருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். படமே அவர்களுக்குச் சரக்கின் பெயர். 1922இல் இறக்குமதி வரி உயரவே, ஸ்வீடன் நிறுவனத்தார் 1923இல் விம்கோவைத் தோற்றுவித்து இந்நாட்டிலேயே தீப்பெட்டி செய்யத் தலைப்பட்டனர். திருவொற்றியூரிலும் அவர்தம் ஆலை எழுந்தது. கப்பல் படம் அவர்களுடைய சின்னங்களுள் ஒன்று. அக்காலத்திலேயே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். பெட்டிக்குப் படம் வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழிலும் அங்கே உடன் வளர்ந்தது.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. தீர்ந்த பெட்டி தெருவில் எறியப்படும். வணங்கிய உருவம் காலில் மிதிபடலாமா? சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னத்தை 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் பதிவுக்கு ஏற்பதில்லை. தீப்பெட்டியாயினும் மதுப்புட்டியாயினும், ஒரு மக்களின் பண்பாட்டைச் சரக்கின் மேல் ஒட்டுவோர், அப்படம் போய்ச்சேரும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.