கூலர் வாங்குறதா, ப்ராசசர் மாத்துறதா? - சூட்டோடு நடந்த ஒரு நீண்ட சண்டையின் கதை



1) சர்க்கரை, பிரஷர், காய்ச்சல்னு எழுதுற எனக்கு இன்பாக்ஸில் அடிக்கடி வரும் வேறொரு கேள்வி இது:
"டாக்டர், கேம் ஆடும்போது சிஸ்டம் திணறுது. கையில இருக்கிற காசுக்கு நல்ல கூலர் வாங்கவா, இல்ல ப்ராசசரையே மாத்தவா?"
கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுறது எனக்குப் பொழுதுபோக்கு என்று தெரிந்தவர்கள் கேட்பது.

2) இதற்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்துற ஒரே பதில் கிடையாது. 1998-ல் சரியாக இருந்த பதில் இன்றைக்குப் பெரும்பாலும் காசு விரயம். ஏன் அப்படி மாறிச்சுன்னு புரிஞ்சா, உங்க கேள்விக்கான விடையை நீங்களே கண்டுபிடிச்சிடலாம். அதுக்குத்தான் இந்த வரலாறு.

3) முதல்ல ஒரு அடிப்படை. சிப் செலவழிக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். வேகத்தைக் கூட்டினால் சூடு அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜைக் கூட்டினால் அதன் வர்க்கத்தில் கூடும். அதாவது வோல்டேஜ் 10% ஏறினால் சூடு 21% ஏறும். இதை மனசுல வச்சுக்கோங்க.

4) 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெல் 8088 ப்ராசசர். வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதன் மேல் ஃபேனும் கிடையாது, ஹீட்சிங்கும் கிடையாது. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் சூட்டைக் கக்கியது. தலையில் ஹீட்சிங்க், அதன் மேல் ஃபேன் என்பது அந்தக் காலத்தில்தான் சாதாரணமானது.

5) இப்போ 1998 ஆகஸ்ட். கேமர்கள் மறக்காத மாதம். இன்டெல் "செலரான் 300ஏ" என்ற மலிவு ப்ராசசரை 149 டாலருக்கு விட்டது. அதே மாதம் வந்த உயர்ரக பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர்!

6) செலரானின் கணக்கு என்ன? 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் × 4.5 = 300. மதர்போர்டில் அந்த 66-ஐ 100 ஆக்கினால்? 450! பல சிப்கள் இந்த வேகத்தில் சிரமமே இல்லாம ஓடின. முரண்டு பிடிச்ச சிப்புக்குக் கொஞ்சம் வோல்டேஜும் நல்ல கூலரும் கொடுத்து ஓட வைத்தார்கள். நாலில் ஒரு பங்கு விலையில் உச்ச வேகம்.

7) ஏன் இப்படி நடந்தது? தூசி படிந்த கேபினெட், வெக்கையான அறை, சுமாரான ஃபேன், இதையெல்லாம் தாங்கணும்னு கம்பெனி வேகத்தைக் குறைச்சே எழுதும். விலைக்கு ஏத்த மாதிரி வேகத்தைப் பிரிச்சு விக்கிற வியாபாரக் காரணமும் உண்டு. அந்த இடைவெளி முழுக்க வாங்குறவர் கைக்கு வந்தது.
அந்தக் காலத்தில் கூலர் வாங்குறதே ஒரு ப்ராசசர் அப்கிரேடுதான்.

8) 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு வீடியோ போட்டது. க்வேக் 3 கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசசர் மேல இருந்த ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டார்கள். ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் புகை விட்டு இறந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் சாகவில்லை. பென்டியம் 4? வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு கேமைத் தொடர்ந்தது.

9) மருத்துவனாக எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கடும் வெயிலில் ஓடினால் நம்ம உடம்பும் இதைத்தான் செய்யும். வியர்க்கும், தோலுக்கு ரத்த ஓட்டம் கூடும், அதுவும் போதலைன்னா களைப்பு வந்து நம்மை மெதுவாக்கும். களைப்பு ஒரு பாதுகாப்பு. ப்ராசசரின் இந்தக் களைப்புக்குப் பெயர் "தெர்மல் த்ராட்லிங்". இந்த வார்த்தை பின்னாடி வேலைக்கு ஆகும்.

10) அதே 2001-ல் இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார்: இதே பாதையில் போனால் சிப்பின் வெப்ப அடர்த்தி சில ஆண்டுகளில் அணு உலையையும், பிறகு ராக்கெட் முனையையும், கடைசியில் சூரியனின் மேற்பரப்பையும் எட்டிவிடும் என்று.

11) விளையாட்டாச் சொன்னதில்லை. 1974-ல் ராபர்ட் டெனார்ட் குழு சொன்ன விதி, டிரான்சிஸ்டர் சிறிதானால் அதற்குத் தேவையான வோல்டேஜும் குறையும், அதனால் சூடு கூடாது என்பது. 2000-களின் நடுவில் அந்த விதி கைவிட்டது. சிறிதாக்கினாலும் மின்சாரம் கசிந்தது, வோல்டேஜ் குறைய மறுத்தது.

12) 2004-ல் வந்த "பிரெஸ்காட்" பென்டியம் 4 சில மாடல்களில் 115 வாட்டைத் தொட்டது. வாக்குறுதி கொடுத்த 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை இன்டெல் அந்த அக்டோபரில் கைவிட்டது. அதன் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு, பாதி விளையாட்டாக, மன்னிப்பே கேட்டார்.

13) தீர்வு பெரிய ஃபேன் இல்லீங்க. 2006-ல் வந்த கோர் 2 டுவோ. 2.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ அது எளிதாகத் தோற்கடித்தது. எண்ணில் மெதுவு, வேலையில் வேகம்!
பென்டியம் 4-க்கு எவ்வளவு பெரிய கூலர் வச்சிருந்தாலும் இந்த இடைவெளியை மூடியிருக்க முடியாது. அந்த வருஷத்துக்குச் சரியான பதில் ப்ராசசர்தான்.

14) 2008-ல் கோர் ஐ7-உடன் "டர்போ பூஸ்ட்" வந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். செலரான் காலத்தில் நாம கையால் எடுத்த அந்த உபரியைக் கம்பெனியே எடுக்க ஆரம்பித்தது இங்கேதான்.

15) உடனே முழுசா எடுத்துடலை. 2011-ன் ஐ7-2600கே, 3.4 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்டது, நல்ல கூலரோடு 4.5 வரை சாதாரணமாகப் போனது. அடுத்த ஆண்டு "ஐவி பிரிட்ஜ்" வந்தபோது மூடிக்கும் சிப்புக்கும் நடுவே சால்டருக்குப் பதில் தெர்மல் பேஸ்ட். சூடு வெளியேற வழி குறுகியது. ஆர்வலர்கள் பிளேடால் மூடியை அறுத்துத் திறந்து வேற பேஸ்ட் வைத்தார்கள். ஆமாங்க, சர்ஜரியேதான் 😀

16) இன்றைய நிலை? 2022-ல் ஏஎம்டி ரைசன் 7000 வந்தபோது முழு லோடில் 95 டிகிரி செல்சியஸ் வரை போவது இயல்பு, வடிவமைப்பே அப்படித்தான் என்று கம்பெனியே சொன்னது. இன்டெல் ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். பிரெஸ்காட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உபரி கிட்டத்தட்ட மொத்தமும் பேக்டரியிலேயே செலவாகிவிட்டது.

17) இன்னொரு பக்கம், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி. உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அண்ணன் 5800எக்ஸ்-க்கு 4.7. ஆனால் எல்3 கேச் 32-க்குப் பதில் 96 எம்பி. பல கேம்களில் தம்பிதான் முன்னாடி! 2017 ரைசன் உட்கார்ந்த அதே ஏஎம்4 சாக்கெட்டில், பயாஸ் அப்டேட் செய்த பல பழைய போர்டுகளிலும் அது ஓடியது.

18) ஆக, வரலாறு சொல்வது இதுதான். அன்றைக்குக் கூலர் இல்லாத வேகத்தை வாங்கிக் கொடுத்தது. இன்றைக்குக் கூலர் பெரும்பாலும் இழந்த வேகத்தைத்தான் மீட்டுக் கொடுக்கும். எதையும் இழக்கலைன்னா மீட்க ஒண்ணுமில்லை.

19) அதனால மாத்திரைக்கு முன்னாடி டெஸ்ட். அரை மணி நேரம் கேம் ஆடிட்டு, வெப்பநிலை, ப்ராசசர் வேகம், கிராபிக்ஸ் கார்டு பயன்பாடு மூன்றையும் பாருங்க.

➡️ வெப்பநிலை உச்ச வரம்பில் முட்டி, வேகமும் சரியுதா? த்ராட்லிங். கூலிங் பிரச்சனை. அதிலும் முதல்ல தூசி தட்டுங்க, பேஸ்ட் மாத்துங்க, காற்று போய்வர வழி பாருங்க. பாதிப் பேருக்கு இங்கேயே சரியாகலாம்.

➡️ சூடு கட்டுக்குள், வேகமும் சரி, ஆனா கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கா? ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. அப்பவும் ஃப்ரேம் ஏறலைன்னா ப்ராசசர்தான் முட்டுக்கட்டை.

➡️ கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலயே ஓடுதா? இரண்டையும் வாங்காதீங்க.

20) நம்ம ஊருக்கு ஒரு எச்சரிக்கை. காற்றோ தண்ணீரோ, சாதாரணக் கூலர் எதுவும் அறை வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோக முடியாது. அறை 25-லிருந்து 35 டிகிரி ஆனால் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். அதனால டெஸ்டை மே மாத மதியத்தில் எடுங்க, டிசம்பர் இரவில் வேண்டாம்.

21) ப்ராசசர்தான் மாத்தணும்னு முடிவானால், உங்க மதர்போர்டு அதை ஏற்குமா, இருக்கிற கூலர் அந்த வாட்டைத் தாங்குமா என்று கேட்டுட்டு வாங்குங்க. இல்லைன்னா ஒரு செலவு மூணு செலவாகும்.

இந்தக் காசு பல வீடுகளில் அப்பா அம்மாவின் ஒரு மாதச் சேமிப்பு. அரை மணி நேர டெஸ்டுக்குச் செலவு ஒண்ணுமில்லை. அதைச் செஞ்சுட்டுக் கடைக்குப் போங்க.