உடம்பெல்லாம் உளைவு: ‘ஒன்றுமில்லை’ என்பது பதிலாகுமா?

கை, கால், கழுத்து, நாரி என்று உடல் முழுவதும் மாதக்கணக்கில் நோவு. இரவு முழுவதும் படுத்திருந்தாலும் விடிய எழும்பும்போது நித்திரை கொண்டதாகவே தெரிவதில்லை. ஆனால் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சரியாக இருக்கின்றன. ‘ஒன்றுமில்லை, பனடோலைப் போடுங்கோ’ என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. இத்தகைய நோவுக்குக் காரணமாக இருக்கக்கூடிய நோய்களில் ஒன்று பைப்ரோமயால்ஜியா.

தசையிலோ மூட்டிலோ வீக்கமோ சிதைவோ இல்லாதபோதும், மூளையும் நரம்புத் தொகுதியும் நோவைப் பலமடங்கு கூட்டி உணர வைக்கின்றன என்பதே இதற்கான இன்றைய மருத்துவ விளக்கம். உலகில் 2 முதல் 4 வீதமானோருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெண்களிடம் கூடுதலாகக் கண்டறியப்படுகிறது.

வைத்தியர்கள் பலர் தயங்குவதற்கு முதற்காரணம், இதனை உறுதிப்படுத்தும் பரிசோதனை எதுவும் இல்லாமையே. 1990 இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி வகுத்த அளவுகோலின்படி, உடலில் 18 இடங்களை அழுத்தி, 11 இடங்களிலாவது நோகிறதா என்று பார்க்கப்பட்டது. 2010 இல் அந்த முறை கைவிடப்பட்டது. நோவு பரவியுள்ள இடங்கள், களைப்பு, நித்திரை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றைக் கேட்டறிவதே முக்கியமானது. நோவு குறைந்தது 3 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். ஆக, இந்நோயைக் காதால் கேட்டே கண்டறிய வேண்டும். வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வரிசையில் முதலில் இல்லாமற்போவது கேட்பதற்கான நேரமே. வைத்தியரின் மொழி வேறாக இருந்தால் உளைவு, விறைப்பு, எரிவு, குத்து எல்லாம் வெறும் ‘நோ’ ஆகிவிடும்.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. போரால் பாதிக்கப்பட்ட தமிழர் தமது துயரத்தைப் பெரும்பாலும் உடல் உபாதைகளாகவே வெளிப்படுத்துகின்றனர் என்பதை யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவந்துள்ளார். அந்தப் புரிதல் அவசியமானது. ஆனால் அது ‘எல்லாம் மனசாலதான்’ என்ற குறுக்கு வழியாக மாறக்கூடாது. மனச்சோர்வு கூடவே இருக்கலாம். அதனால் நோவு பொய்யாகிவிடாது. 1991 வளைகுடாப் போரில் பணியாற்றிய படையினருக்குப் பைப்ரோமயால்ஜியா வந்தால் அமெரிக்க அரசு அதற்கு இழப்பீடு வழங்குகிறது. போரைச் சுமந்த உடலின் நோவு அங்கு ஏட்டில் ஏற்கப்பட்டிருக்கிறது.

மறுபுறம், எல்லா நோவுக்கும் இந்தப் பெயரைச் சூட்டுவதும் ஆபத்தே. ஷெல் துண்டுகள், நரம்புக் காயம், தைரொய்ட் குறைபாடு, இரத்தச்சோகை, மூட்டுவாதம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மூட்டு வீக்கம், காய்ச்சல், உடல் மெலிவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். கை அல்லது கால் பலமிழந்தாலோ சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உடலில் உலோகத் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. கட்டுப்படுத்த வழி உண்டு. 2017 இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல் மிக உறுதியாகப் பரிந்துரைப்பது உடற்பயிற்சியையே. சிறிது தூர நடையில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் சிலருக்கு நோவையும் நித்திரையையும் சீராக்கும். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவதால் ‘விசர் மருந்து’ என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். இபுப்ரோபன், டைக்ளோபெனாக் போன்றவை இந்நோவுக்குப் பெரிதாக உதவுவதில்லை. நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் வவுனியா போன்ற இடங்களில் அவற்றைக் கடையில் வாங்கித் தொடர்ந்து போடுவது மேலும் கேடானது.

கிளினிக்குக்குப் போகுமுன் நான்கு விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: எங்கெங்கே நோகிறது, எவ்வளவு காலமாக, நித்திரை எப்படி, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. ‘கூலி வேலைக்குப் போக முடியவில்லை’ என்பதும் மருத்துவத் தகவலே. ‘இது பைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாமா?’ என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதல்ல. அது நோயாளியின் உரிமை.