சூரிய வாயிலும் மிஷனெரியின் மகனும்

பெரு நாட்டிலே, குஸ்கோ நகரின் பக்கமிருந்து மச்சுபிச்சுவை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில், 104-ஆம் கிலோமீட்டர் என்று வழங்கும் இடத்தில் நிலையம் என்று சொல்லத்தக்க கட்டடம் எதுவும் இல்லை. புகைவண்டி சிறிது நேரம் நிற்கிறது, முதுகில் பை சுமந்த சிலர் இறங்குகின்றனர், வண்டி போய்விடுகிறது. அருகே உருபம்பா ஆறு பேரிரைச்சலுடன் பாறைகளில் மோதி ஓடுகின்றது. நடைப்பாலத்தின் வழியாக அதைக் கடந்து, சாவடியில் அனுமதிச் சீட்டையும் கடவுச் சீட்டையும் காட்டிய பின்னரே மலைமேல் ஏறலாம். உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி எவரும் இப்பாதையில் நடத்தல் கூடாது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்னும் வரம்பும் உண்டு. பாதையைச் செப்பனிடும்பொருட்டு ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் அடைத்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், பணி நிமித்தமாகப் பெருவுக்குச் செல்ல நேர்ந்தபோது, நான் நடந்தது இச்சிறு பாதையே. 82-ஆம் கிலோமீட்டரில் தொடங்கி 4,215 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து நான்கு நாள் நடக்கும் நெடும்பாதை, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவனுக்கு உரியதன்று என மருத்துவர் சொல்லிவிட்டார். சிறு பாதை ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஆற்றங்கரையில் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 2,700 மீட்டர் அளவுக்கு ஏறி, பின் 2,430 மீட்டரிலுள்ள மச்சுபிச்சுவுக்கு இறங்குகிறது. காலையில் புறப்பட்டு மாலையில் சேர்ந்து, இரவு பள்ளத்தாக்கிலுள்ள ஊரில் தங்கி, மறுநாள் பழம்பதியைச் சுற்றிப் பார்ப்பர். எண்ணிக்கையில் இது எளிது, முழங்கால்களுக்கு எளிதன்று.

இப்பாதை தனியானதொன்றன்று. இன்காக்கள் அமைத்த, ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கும், ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் நீளமுள்ள பெருவழித் தொகுதியின் ஒரு துண்டு இது. சக்கரமும் குதிரையும் அறியாத மக்கள் அமைத்த சாலையாதலால், சரிவு மிகுந்த இடங்களில் வளைந்து செல்லாமல் நேரே படிகளாக ஏறுகிறது. மனிதன் காலும், இலாமா என்னும் சுமை விலங்கின் காலும் ஏறினால் போதும் என்பதே அவர்கள் கணக்கு.

பாலத்தைக் கடந்தவுடன் சச்சபம்பா என்னும் இடிபாடுகள் உள்ளன. அங்கே எங்கள் வழிகாட்டி நின்றார். கெச்சுவா மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நடுத்தர வயதினர். கழுத்தில் சிறு சிலுவை. பையிலிருந்து மூன்று கோக்கா இலைகளை எடுத்து விசிறிபோல் விரித்து, எதிரேயுள்ள மலைச் சிகரத்தை நோக்கிப் பிடித்து, மெல்ல ஊதி, ஒரு கல்லிடுக்கில் வைத்தார். என்னையும் செய்யச் சொல்வாரோ என்று நான் தயங்கியதைக் கண்டு நகைத்து, "பாத்ரே, உங்களுக்குக் கட்டாயமில்லை. என் அக்காள் உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவள். அவளும் இப்போது இதைச் செய்வதில்லை" என்றார். பின் சற்று நேரம் கழித்து, "அதனால் எங்கள் தாயார் அவளோடு ஓராண்டு பேசவில்லை" என்றும் சொன்னார்.

அன்றைய ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நான் எண்ணியதெல்லாம் இதைப் பற்றியே. அந்த மூன்று இலைகளுக்கும் கழுத்துச் சிலுவைக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுத் திருச்சபை வரலாறு கிடக்கிறது.

அவ்வரலாறு 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்கா நகரச் சதுக்கத்தில் தொடங்கியது. டொமினிக்கன் துறவியாகிய விசென்டே டி வல்வெர்டே இன்கா அரசர் அத்தஹுவல்பாவிடம் ஒரு புத்தகத்தை நீட்டினார். எழுத்தென்னும் கருவியை அறியாத அரசர் அதைப் புரட்டிப் பார்த்து எறிந்தார். அதையே காரணமாக்கிப் பிசாரோவின் படை பாய்ந்தது. அடுத்த ஆண்டு, அறை நிறையப் பொன் கொடுத்த பின்னரும், அரசருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; ஞானஸ்நானம் பெற இசைந்தமையால் உயிரோடு எரிக்கப்படாமல் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார். வல்வெர்டே பின்னர் குஸ்கோவின் முதல் பேராயரானார். அருட்சாதனம் இதைவிடக் கொடிதாகப் பயன்படுத்தப்பட்ட வேறொரு நிகழ்ச்சியைத் திருச்சபை வரலாற்றிலே தேடினாலும் காண்பது அரிது.

ஆயினும், பெருவின் திருச்சபை வல்வெர்டேயோடு முடிந்துவிடவில்லை. 1582-83-இல் கூடிய மூன்றாம் லீமா சங்கம், மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே போதிக்கவேண்டும் எனத் தீர்மானித்து, ஸ்பானிய, கெச்சுவா, அய்மாரா ஆகிய மும்மொழிகளில் ஞானோபதேச நூலை ஆயத்தம் செய்தது. 1584-இல் லீமாவில் அச்சான அந்நூலே தென் அமெரிக்காவில் அச்சேறிய முதல் புத்தகம். நம் வாசகருக்கு இங்கு ஓர் ஒப்புமை உடனே தோன்றும்: கொல்லத்தில் 1578-இல் தமிழ் எழுத்தில் அச்சான "தம்பிரான் வணக்கமும்" அத்தகைய ஞானோபதேச நூலே, அதைத் தமிழாக்கிய என்றிக்கே என்றிக்கஸ், லீமா நூலின் ஆக்கத்தில் முதன்மையான ஹோசே டி அகோஸ்தா இருவரும் ஒரே இயேசு சபையினர். தமிழும் கெச்சுவாவும் ஆறாண்டு இடைவெளியில் ஒரே பொருளை, ஒரே நோக்கத்துக்காக அச்சில் கண்டன.

ஆனால் அதே மூன்றாம் சங்கம் வேறொன்றும் செய்தது. இன்காக்களுக்கு எழுத்தில்லை எனினும், கிப்பு என்னும் முடிச்சுக் கயிறுகளில் கணக்கையும் செய்தியையும் பதிந்து வைக்கும் கலை இருந்தது. பழஞ்சமயச் சடங்குகளின் நினைவைத் தாங்கிய கிப்புகளைப் பறித்து அழிக்கும்படி சங்கம் ஆணையிட்டது. அகோஸ்தாவோ, ஓர் இந்தியப் பெண் தன் வாழ்நாள் பாவங்களையெல்லாம் கயிற்றுக் கற்றையில் முடிந்துகொண்டு பாவசங்கீர்த்தனம் செய்ய வந்ததைத் தாம் கண்டதாக 1590-இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். ஒரே முடிச்சுக் கயிறு, ஒருவர் கையில் எரிக்கத்தக்க விக்கிரகாராதனை, மற்றொருவர் கையில் மனந்திரும்புதலின் ஏடு. இவற்றைப் பிரித்தறியும் அளவுகோல் அந்நாளைய குருமாரிடம் இருந்ததா? இல்லை என்றே நான் கருதுகிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பாப்லோ ஹோசே டி அர்ரியாகா போன்றோர் ஊர் ஊராகச் சென்று, மூதாதையர் உடலங்களையும் புனிதக் கற்களையும் தேடி எரித்தும் உடைத்தும் வந்தனர். அர்ரியாகா 1621-இல் இதற்கென ஒரு கையேடே வெளியிட்டார். மலைக்கு ஊதும் கோக்கா இலை மட்டும் எரியாமல் தப்பியது. அதை ஒவ்வோர் ஆண்டும் செடி புதிதாகத் தருகிறதே.

இப்பணியில் இளமையில் துணைநின்ற ஓர் இந்தியர், பிற்காலத்தில் திருச்சபையின் மேல் கடும் வழக்கொன்றைத் தொடுத்தார். அவர் பெயர் குவாமன் போமா. உறுதியான கிறிஸ்தவர். பெருவின் குருமார் எளியோரின் உழைப்பையும் பெண்களையும் எவ்வாறு சூறையாடினர் என்று, 1615-ஐ ஒட்டி, ஏறத்தாழ 1,200 பக்கங்களில், 398 படங்களோடு ஸ்பானிய மன்னருக்கு எழுதினார். அம்மடல் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் 1908-இல் கண்டெடுக்கப்பட்டது. முந்நூறு ஆண்டு எவரும் பொருட்படுத்தாத அம்மனுவை, சபை வரலாறு கற்பிக்கும் எவரும் இன்று புறக்கணிக்க இயலாது.

பாதைக்குத் திரும்புவோம். மூன்று மணி நேர ஏற்றத்துக்குப் பின், அருவியொன்றைக் கடந்ததும், விஞ்ஞாய் வாய்னா கண்முன் நிற்கிறது. "என்றும் இளமை" என்பது அதன் பொருள். அங்கு மலரும் ஆர்க்கிட் செடியொன்றின் பெயரும் அதுவே. செங்குத்தான மலைச்சரிவை வில்போல் வளைத்து, அடுக்கடுக்காகப் படிவயல்கள். மேலும் கீழும் இரு வீட்டுத் தொகுதிகள். அவற்றை இணைக்கும் நெடிய படிக்கட்டின் ஓரமாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இறங்கும் கல்தொட்டிகளின் வரிசை. தண்ணீர் இன்றும் ஓடுகிறது. மச்சுபிச்சுவைக் காட்டிலும் இவ்விடமே என் உள்ளத்தைக் கவர்ந்தது என்று சொன்னால் சுற்றுலா நிறுவனத்தார் கோபிப்பர். 1940-41-இல் பால் பெயோஸ் தலைமையில் வந்த ஆய்வுக் குழுவின் வாயிலாகவே இது வெளியுலகுக்குத் தெரியவந்தது.

அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர நடை. கடைசியாக, நின்று ஏறுவதைவிடக் கையூன்றி ஏறுவதே நலம் என்னுமாறு செங்குத்தான ஐம்பது படிகள். அதன் மேல் இன்டிபுன்கு, சூரிய வாயில். அக்கல்வாயிலின் வழியே, கீழே, பச்சை மலைகளின் இடையே மச்சுபிச்சு கிடக்கிறது. உடன் வந்தோர் படம் எடுத்தனர். நான் உட்கார்ந்தேன்.

அவ்விடத்தில் நம் வழிகாட்டி சொன்ன கதையில்தான் நமக்கு நெருங்கிய செய்தி இருக்கிறது. 1911 ஜூலை 24 அன்று மச்சுபிச்சுவை அடைந்து உலகுக்கு அறிவித்த ஹிராம் பிங்கம் யேல் பல்கலைக்கழக விரிவுரையாளர் என்பது யாவரும் அறிந்தது. அவர் மிஷனெரியின் மகனும் மிஷனெரியின் பேரனும் என்பதைப் பலர் அறியார். அவர் பாட்டனார், அதே பெயர் கொண்ட ஹிராம் பிங்கம், 1820-இல் ஹவாய் தீவுகளுக்குச் சென்ற முதல் மிஷனெரிக் குழுவின் தலைவர்களில் ஒருவர். 1839-இல் நிறைவுற்ற ஹவாய்த் திருமறையின் மொழிபெயர்ப்பாளரில் ஒருவர். தந்தையாரும் ஹிராம் பிங்கமே. 1857-இல் கில்பர்ட் தீவுகளுக்குச் சென்று, எழுத்து வடிவமே இல்லாத அம்மக்களின் மொழிக்கு எழுத்தமைத்து, முழுத் திருமறையையும் அதில் பெயர்த்தவர். இருவரையும் அனுப்பியது, 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் பணி தொடங்கிய அதே அமெரிக்கன் போர்டு மிஷன். மதுரைச் சீமையின் பழைய சபைகளும் ஹவாயின் பழைய சபைகளும் ஒரே தாயின் பிள்ளைகள்.

மூன்றாம் ஹிராமும் மிஷனெரியாக வேண்டுமென்றே வளர்க்கப்பட்டார். ஹோனலூலுவில் சில திங்கள் சபை ஊழியம் செய்தபின் அதை விட்டு வரலாற்றுத் துறைக்குச் சென்றார். ஆயினும் குடும்ப மரபு அவரை முற்றும் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எவரும் அடையாத இடத்தை முதலில் அடையவேண்டும் என்னும் வேட்கை, பாட்டனாரின் கப்பலில் இருந்ததே.

ஆனால் அவ்விடம் எவரும் அடையாத இடமன்று. அவரை மேலே அழைத்துச் சென்றவர் மெல்சோர் ஆர்த்தியாகா என்னும் உள்ளூர் விவசாயி. மழைநாளில் வர மனமில்லாதவரை, ஒரு சோல் வெள்ளிக்காசு தருவதாகச் சொல்லி இசைவித்தார். அது அந்நாளைய கூலியைப்போல் மூன்று நான்கு மடங்கு. மேலே ரிச்சார்த்தே, ஆல்வாரெஸ் என்னும் இரு குடும்பத்தார் அப்பழைய படிவயல்களைத் திருத்திப் பயிரிட்டு வாழ்ந்துவந்தனர். களைத்து வந்தவருக்குத் தண்ணீரும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்து, தங்கள் வீட்டுச் சிறுவனைத் துணைக்கு அனுப்பினர். மாளிகைகளின் இடையே பிங்கத்தை வழிநடத்தியவன் அச்சிறுவனே. கோயிற் சுவரொன்றில் "லிசாராகா, 1902" என்று கரியால் எழுதியிருந்தது. அகுஸ்தின் லிசாராகா அப்பள்ளத்தாக்கின் விவசாயி. பிங்கத்துக்கு ஒன்பதாண்டு முந்தியவர். பிங்கம் அப்பெயரைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 1948-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலைப் படித்தவர் மனத்திலோ ஒரே ஒரு கண்டுபிடிப்பாளரின் பெயரே நிற்கிறது.

அவர் கருத்துகள் பலவும் பின்னர் நிலைபெறவில்லை. மச்சுபிச்சுவே இன்காக்களின் கடைசிப் புகலிடமான வில்கபம்பா என்றார். 1572-இல் கடைசி இன்காவாகிய தூபாக் அமாருவைப் பிடித்துக் குஸ்கோவில் தலைவெட்டிக் கொன்றதோடு வீழ்ந்த அவ்வில்கபம்பா, எஸ்பிரித்து பம்பா காட்டில் உள்ளது. பிங்கம் அதே 1911-இல் அங்கும் சென்று, சில சுவர்களை மட்டும் பார்த்துத் திரும்பியவரே. மச்சுபிச்சுவில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை என அவர் குழுவினர் கூறியதால், அது சூரியனின் கன்னியர் மடம் என்னும் கதையும் பிறந்தது. பிற்கால ஆய்வில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமே எனத் தெரிந்தது. அது பச்சக்குத்தி என்னும் பேரரசரின் மலை மாளிகை என்பதே இன்றைய முடிவு. 2021-இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு, அங்கு மக்கள் ஏறத்தாழ 1420 முதல் 1530 வரை வாழ்ந்தனர் எனக் காட்டுகிறது. 2023-இல் வெளியான மரபணு ஆய்வின்படி, அங்கே அடக்கம் செய்யப்பட்டோர் பேரரசின் பல மூலைகளிலிருந்தும், அமேசான் காடுகளிலிருந்துங்கூட, கொண்டுவரப்பட்ட பணியாட்கள். கன்னியருமல்லர், இளவரசியருமல்லர், தண்ணீர் சுமந்தவரும் சமைத்தவரும் நெய்தவரும்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் சபைகளின் நூற்றாண்டு மலர்கள் நினைவுக்கு வந்தன. இன்ன ஆண்டு இன்ன ஐயர் இவ்வூரைக் "கண்டார்", சபையை "நிறுவினார்" என்று எழுதுகிறோம். அவருக்கு முன்னே ஊருக்குள் சென்று வசை கேட்டவர், பாஷை கற்பித்தவர், திண்ணையில் இடம் கொடுத்தவர், அவர் வண்டி வரும் வழியைக் காட்டிய சிறுவன் ஆகியோரில் எத்தனை பேரின் பெயர் நம் ஏடுகளில் உள்ளது? "உபதேசியார் ஒருவர்" என்று ஒரு வரி. சில வேளை அதுவும் இல்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் உபதேசியாரின் சம்பளக் கணக்குகளும் பல சேகரங்களில் இன்னும் கரையான் தின்னாமல் கிடக்கின்றன. நம் மாணவர் சிலராவது ஆய்வேட்டுக்கு மிஷனெரியின் அச்சான அறிக்கையை மட்டும் நம்பாமல், அவற்றையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பிங்கம் குழுவினர் யேலுக்குக் கொண்டுசென்ற பொருள்கள், நீண்ட வழக்காட்டத்தின் பின், 2010-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 2011, 2012 ஆண்டுகளில் பெருவுக்குத் திரும்பின. குஸ்கோவின் காசா கொன்சா அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம்: மட்பாண்டங்கள், வெண்கல ஊசிகள், உணவுண்ட தட்டுகள்.

சூரிய வாயிலிலிருந்து இறங்கும்போது வழிகாட்டியிடம், அவர் அக்காளும் தாயாரும் இப்போது பேசிக்கொள்கின்றனரா என்று கேட்டேன். "பேசுகிறார்கள். அக்காள் ஜெபம் செய்துவிட்டு அடுப்பை மூட்டுகிறாள்; அம்மா இலையை ஊதிவிட்டுச் சோறு பரிமாறுகிறாள்" என்றார். நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கீழே பேருந்து புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது.