1989: லீக்குக்குச் சம்பளம் வந்த முதல் பருவம்

1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகியது. சிலாங்கூரின் தலைநகர் சிலாங்கூரிலிருந்து பிரிந்தது. நிலப்பத்திரம், வரி, நிர்வாகம் எல்லாம் மாறியதோடு காற்பந்தும் மாறியது. கிள்ளான்காரர் சிலாங்கூர் அணியிலேயே இருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவருக்கோ கோலாலம்பூருக்கென ஒரு புதிய அணி கிடைத்தது. ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த இரண்டு தமிழ்க் குடியிருப்புகளுக்கு இரண்டு கொடிகள். பழைய பற்று ஒரே நாளில் மாறிவிடுமா? பிரிக்பீல்ட்ஸில் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையை விடாதவர்கள் பலர். இந்தப் பங்காளிச் சண்டை உச்சத்தில் இருந்தபோதுதான், 1989-இல், மலேசியாவின் முதல் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது.

அதுவரை மலேசியக் காற்பந்து என்றால் கிண்ணம்தான். 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆட்கள் கொடுத்த கோப்பைக்காகத் தொடங்கிய போட்டி அது. அந்த முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் 2-1 என்று சிங்கப்பூரிடம் தோற்றது. 1967-இல் மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய பிறகும் ஆண்டு முழுவதும் ரசிகர்கள் காத்திருந்தது அதற்குத்தான். 1979-இல் லீக் ஆட்டங்கள் வந்தன. 1982-இலிருந்து லீக் வெற்றியாளருக்கும் ஒரு கோப்பை தரப்பட்டது, அதை முதலில் பினாங்கு வென்றது. ஆனாலும் லீக் என்பது கிண்ணத்துக்குப் போகும் வாசல் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

1989 அந்த நினைப்பை மாற்ற முயன்றது. பகாங் சுல்தான் அகமட் ஷா தலைவராக இருந்த மலேசியக் காற்பந்துச் சங்கம் பதினேழு அணிகளை இரண்டாகப் பிரித்தது: முதல் பிரிவில் 9, இரண்டாம் பிரிவில் 8. மாநிலங்களோடு கோலாலம்பூர், ஆயுதப் படை, சிங்கப்பூர், புருணை. சொந்தத் திடலில் ஒன்று, எதிரணித் திடலில் ஒன்று என்று ஆடினால் முதல் பிரிவு அணி ஒன்றுக்கு 16 ஆட்டங்கள். கீழே விழும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அங்கே முன்னேறும் அணி மேலே ஏறலாம். கிண்ணப் பருவத்தில் தோற்றால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம், அடுத்த ஆண்டு அதே இடத்திலிருந்து தொடங்கலாம். இனி ஒரு மோசமான பருவத்தின் விலையை அடுத்த ஆண்டும் கட்ட வேண்டும்.

‘அரை’ என்ற அடைமொழிக்குக் காரணம் எளிது. ஆட்டக்காரருக்கு ஒப்பந்தமும் சம்பளமும் வந்தன, ஆனால் பலருக்குப் பகல் வேலையும் தொடர்ந்தது. அதற்கு முந்திய தலைமுறை அலுவலகத்திலோ, வங்கியிலோ, சீருடைப் படையிலோ வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வந்து, வார இறுதியில் மெர்டேக்கா அரங்கத்தை நிரப்பிக் காட்டியது. வாசலில் டிக்கெட் விற்ற பணத்தில் ஆட்டக்காரர் கைக்கு வந்தது சொற்பம். 1989-இன் சம்பளத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் அந்தத் தலைமுறையினர்தாம். இதை மலேசியக் காற்பந்து வரலாறு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அவர்களில் ஒருவர் ஆர். ஆறுமுகம். கிள்ளான் துறைமுகப் பகுதி, பழைய போர்ட் சுவெட்டன்ஹாம், அவர் ஊர். 1953-இல் பிறந்தவர். நீண்ட கைகளால் கோல் கம்பத்தின் இரு மூலைகளுக்கும் எட்டிப் பந்தைப் பறித்ததால் நாடே அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்றது. சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் தற்காப்பில் நிற்க, அவர்களுக்குப் பின்னால் ஆறுமுகம். மலாய், சீன, இந்திய ரசிகர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து நம்பிய சுவர் அது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர் அவரே. மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் அங்கே ஆடவில்லை. 2016-இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்து அழுதவர்கள் பலர் நினைத்தது ஆறுமுகத்தைத்தான்.

1988 டிசம்பர் 18 அன்று கார் விபத்தில் அவர் இறந்தார். வயது 35. முதல் அரைத் தொழில்முறைப் பருவம் தொடங்கச் சில மாதங்களே இருந்தன.

அந்தப் பருவத்தின் லீக் கோப்பையை அவர் ஆடிய சிலாங்கூர்தான் வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. ஆனால் 1989-இல் கோலாலம்பூர் சும்மா விடவில்லை. சௌ குவாய் லாம் பயிற்றுவித்த அந்த அணி 1986-இலும் 1988-இலும் லீக்கை வென்றிருந்தது. 1987-லும் 1988-லும் கெடாவைத் தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியிருந்தது. 1989 இறுதியாட்டத்திலும் எதிரே கெடாதான். முடிவு 3-1. தொடர்ந்து மூன்றாவது கிண்ணம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபாண்டி அகமட், மாலேக் அவாப் இருவரும் அந்த அணியின் உயிர்நாடி. ஃபாண்டி அதற்கு முன் நெதர்லாந்தின் குரோனிங்கன் கழகத்தில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். சம்பளத்துக்கு ஆடுவது எப்படி என்று ஐரோப்பாவில் பார்த்துவிட்டு வந்தவர்.

ஆக முதல் பருவம் முடிந்தபோது லீக் கோப்பை சிலாங்கூரிடம், கிண்ணம் கோலாலம்பூரிடம். இரண்டும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே தங்கின. லீக் கோப்பையில் வேறு மாநிலங்களின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது: 1991-இல் ஜொகூர், 1992-இல் பகாங், 1993-இல் கெடா.

திடலுக்கு வெளியேயும் தமிழர்கள் இருந்தார்கள். நெகிரி செம்பிலானின் சிலியாவிலிருந்து வந்த பீட்டர் வேலப்பன் 1978 முதல் 2007 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளர். கோலாலம்பூரிலிருந்தே ஒரு கண்டத்தின் காற்பந்தை நடத்தியவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, சிலாங்கூரின் பழைய ஆட்டக்காரர் கே. ராஜகோபால் தேசியப் பயிற்சியாளராகி 2010-இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியாவுக்கு முதன்முறையாக வாங்கித் தந்தார்.

1994-இல் ‘அரை’ போய் முழுத் தொழில்முறை வந்தது. பதினாறு அணிகளின் லீகா பெர்டானா. முதல் வெற்றியாளர் சிங்கப்பூர். கிண்ணத்தையும் ஷா ஆலாம் அரங்கத்தில் பகாங்கை 4-0 என்று வென்று எடுத்துக்கொண்டது. அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆட்டங்கள் சூதாட்டக் கும்பல்களுக்கு விற்கப்பட்டது அம்பலமானது. 1995-இல் 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், 21 ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் வெளியேற்றப்பட்டார்கள். சிங்கப்பூர் அதற்குள் போட்டியிலிருந்தே விலகி, 1996-இல் தனக்கென ஒரு லீக்கைத் தொடங்கியது. ஆறு ஆண்டுகளில் சம்பளம் வந்தது. ஆட்டக்காரரைக் காக்கும் ஏற்பாடும், நம்பிக்கையைக் காக்கும் காவலும் அதே வேகத்தில் வரவில்லை. சங்கங்கள் செய்த பெரும் பிழை அது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கிள்ளான், காப்பார், சுபாங் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. தொழிலாளர்களின் லயத்தோடு சேர்ந்து லயத்துக்கு முன்னாலிருந்த திடலும் போனது. மாலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடப் பையன்களுக்கு இடமில்லை. தமிழ் ஆட்டக்காரர்கள் குறைந்ததற்குத் திறமையைக் காரணம் காட்டுகிறவர்கள் முதலில் இந்த நிலப்படத்தைப் பார்க்கட்டும்.

அதற்கு ஒரு பதில் சமூகத்துக்குள்ளிருந்தே வந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி, மிஃபா, 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் நாட்டின் மேல்மட்டமான சூப்பர் லீக்குக்கு ஏறியது. கே. தேவனும் பின்னர் பி. மணியமும் பயிற்றுவித்தார்கள். மற்ற அணிகள் வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்களைத் தேடி ஓடியபோது, கடைசிப் பருவங்களில் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து சூப்பர் லீக்கில் தாக்குப்பிடித்தது அந்த அணி. 2022 பருவத்துக்குப் பின் அது லீக்கிலிருந்து விலகியது.